குழந்தைகளிடம் பாடம் கற்ற மருத்துவர்

சென்னையில் அடையாறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே பிரம்மஞான சபையின் பரந்த தோட்டம் உள்ளது. 1939ஆம் ஆண்டின் இறுதியில் அத்தோட்டத்தில் கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் முந்நூறு பேருக்கு மேல் அங்கே பயிற்சிக்காக வந்து கூடினர். அவர்களுக்குப் பாடம் சொல்ல வந்தவர் அறுபத்தொன்பது வயது நிரம்பிய இத்தாலியப் பெண்மணி. அவர் தம் தாய்மொழியிலேயே பேசினார். அருகில் நின்ற நாற்பது வயதைக் கடந்த ஒருவர் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். பெயர்த்துச் சொன்னவர் அப்பெண்மணியின் மகன். ஆயினும் மகன் என்று உலகத்தார் முன்னிலையில் அவரை அழைக்கும் பேறு அந்தத் தாய்க்கு அதுவரை வாய்க்கவில்லை.

அவர் பேசியது குழந்தைகளைப் பற்றி. பிறந்த நாள் முதல் முழு வளர்ச்சி பெறும் வரை மனித மனம் பருவந்தோறும் எவ்வாறு மாறுகிறது என்பதே அவர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பொருள். அவர் பெயர் மரியா மாண்டிசோரி.

மரியா 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், இத்தாலியின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசு அலுவலர். தாய் ரெனில்டே நூல்களை விரும்பிப் படிப்பவர். தந்தையின் பணி மாறியதால் குடும்பம் முதலில் பிளாரன்சு நகருக்கும், மரியாவின் ஐந்தாம் வயதில் ரோம் நகருக்கும் குடிபெயர்ந்தது. மாறுதல் ஆணை வந்ததும் மூட்டை கட்டிப் பழகிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி அன்று.

அக்காலப் பள்ளிகளில் குழந்தைகள் அசையாத பலகைகளில் அசையாமல் அமர்ந்து ஆசிரியர் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஊசியால் குத்திப் பெட்டியில் பதித்த வண்ணத்துப்பூச்சிகளைப் போல அக்குழந்தைகள் இருந்ததாக மரியா பிற்காலத்தில் எழுதினார்.

பதின்மூன்றாம் வயதில் அவர் எடுத்த முடிவு வீட்டாரைத் திகைக்க வைத்தது. படித்த பெண்ணுக்கு ஆசிரியர் வேலையே ஏற்றது எனப் பெற்றோர் எண்ணினர். மரியாவோ அதனை மறுத்தார். ஆண் பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். கணக்கில் ஆர்வம் மிகுந்து பொறியாளர் ஆக விரும்பினார். பின்னர் உயிரியலில் மனம் சென்றது. முடிவில் மருத்துவம் பயில்வது என உறுதி கொண்டார். ஆசிரியர் வேலை வேண்டாம் என்று பிடிவாதம் செய்த பெண்ணே உலகின் ஆசிரியர்களுக்கெல்லாம் ஆசிரியர் ஆனது வியப்புத்தான்.

ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற ஆண்டுகள் எளியனவாக இல்லை. தந்தைக்கு அதில் உடன்பாடு இல்லை. தாய் துணை நின்றார். ஆண் மாணவர்களுடன் சேர்ந்து ஒரு பெண் உடற்கூறு ஆய்வு செய்வது முறையன்று எனக் கருதப்பட்டதால், மற்றவர் சென்ற பின் அந்தி வேளையில் அவர் தனியே பிணங்களின் நடுவே நின்று பயில நேர்ந்தது. 1896ஆம் ஆண்டு அவர் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதல் சில பெண்களுள் அவரும் ஒருவர். அவ்வாண்டே பெர்லினில் கூடிய மகளிர் மாநாட்டில், ஒரே வேலைக்குப் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி வேண்டும் என்று பேசினார். மறுத்து நின்ற தந்தை, பின்னாளில் மகளைப் பற்றிய செய்தித்தாள் நறுக்குகளைத் தொகுத்து ஏடாகக் கட்டினார்.

இளம் மருத்துவராக மரியா மனநோய் இல்லங்களுக்குச் செல்வார். மனவளர்ச்சி குன்றியவர் எனக் கருதப்பட்ட குழந்தைகளும் அக்காலத்தில் அங்கேயே அடைக்கப்பட்டிருந்தனர். வெற்றுச் சுவர்களும் வெறுந்தரையும் தவிர அவர்கள் அறையில் வேறொன்றும் இல்லை. உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துகள்களைப் பொறுக்குவர். அதனைப் பேராசை என்று பணிப்பெண் வெறுத்தாள். மரியாவின் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது. தொட்டுப் பார்க்கவும் பிடித்துப் பார்க்கவும் ஒரு பொருளும் இல்லாத அறையில், அக்குழந்தைகளின் கைகள் வேலையைத் தேடி அலைந்தன. அவர்களுக்கு வயிற்றுப்பசி இல்லை. இருந்தது கைகளின் பசி, அறிவின் பசி.

இதார், செகுவேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரின் நூல்களை அவர் ஆழ்ந்து படித்தார். கைகளால் தொட்டும் அடுக்கியும் பயிலத்தக்க கருவிகளைச் செய்வித்தார். பகல் முழுதும் குழந்தைகளோடு இருந்து, இரவில் அன்று கண்டவற்றை எழுதினார். சில ஆண்டுகளில், கற்க இயலாதவர் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளுள் சிலர் படிக்கவும் எழுதவும் கற்று, பொதுத்தேர்வில் மற்றக் குழந்தைகளுக்கு இணையாகத் தேறினர். ஊரே வியந்தது. மரியாவின் உள்ளத்திலோ வேறொரு கேள்வி எழுந்தது. குறையொன்றும் இல்லாத குழந்தைகள், இவர்களோடு ஒப்பிடும் அளவில் மட்டும் இருப்பது ஏன்? அவர்களை அந்த அளவில் நிறுத்தி வைத்தது எது?

இதே ஆண்டுகளில் அவர் வாழ்வில் ஒரு பெருந்துயரமும் நேர்ந்தது. 1898ஆம் ஆண்டு அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையின் தந்தை உடன் பணியாற்றிய மருத்துவர். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. மணமாகாத தாய் என்று தெரிந்தால் அக்காலச் சமுதாயத்தில் மருத்துவத் தொழிலும் ஆராய்ச்சியும் ஒருங்கே முடிந்துவிடும். எனவே மாரியோ என்னும் அக்குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. மரியா அவ்வப்போது சென்று பார்த்து வந்தார். பிறர் பிள்ளைகளின் ஒவ்வோர் அசைவையும் குறித்து வைத்தவருக்குத் தம் மகனின் முதல் சொல்லையும் முதல் அடியையும் நாள்தோறும் காணும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று. அவர் எழுத்துகளில் குழந்தையின் முதல் ஆறு ஆண்டுகளுக்கு அத்தனை சிறப்பு இருப்பதைப் படிக்கும்போது இந்த இழப்பும் நினைவுக்கு வரும்.

ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதி ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த இடம். அங்கே பழைய கட்டடங்களைப் புதுப்பித்த நிறுவனத்தார்க்கு ஒரு தொல்லை இருந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்ற பின், பள்ளி வயதை எட்டாத சிறுவர்கள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினர். அவர்களை ஓரிடத்தில் அமர்த்திப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நிறுவனத்தாரின் நோக்கம். அப்பொறுப்பை மரியா ஏற்றார். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. சுவரைக் காக்கத் தொடங்கிய முயற்சி உலகக் கல்வியின் போக்கையே மாற்றியது.

ஏறத்தாழ ஐம்பது குழந்தைகள் அழுதுகொண்டும் அஞ்சிக்கொண்டும் அங்கு வந்தனர். முறையான ஆசிரியப் பயிற்சி பெறாத பெண் ஒருவர் அவர்களைப் பார்த்துக்கொண்டார். மரியா ஓரமாக நின்று உற்றுநோக்கினார்.

ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மரியா எண்ணத் தொடங்கினார். மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் நின்று பாடச் செய்தார். சிறுமி அமர்ந்திருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு மீண்டும் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்த பிறகு, ஆழ்ந்த உறக்கத்திலிருந்து விழித்தவளைப் போல நிமிர்ந்து புன்னகைத்தாள். சிறு குழந்தைகளால் ஒன்றில் மனம் ஊன்ற முடியாது என்று அதுவரை எல்லாரும் நம்பியிருந்தனர்.

மற்றொரு நாள் ஆசிரியை நேரங்கழித்து வந்தார். முதல் நாள் அலமாரியைப் பூட்ட மறந்திருந்தார். வந்து பார்த்தால், குழந்தைகள் தாங்களே கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டு அமைதியாக வேலை செய்துகொண்டிருந்தனர். திருட்டு என்று ஆசிரியை சினந்தார். தமக்கு வேண்டியது எது என்று குழந்தைகளுக்கே தெரிந்திருக்கிறது என மரியா உணர்ந்தார். அதன்பின் பூட்டிய அலமாரிக்கு மாறாகக் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த தட்டுகள் வந்தன. இன்று எந்த ஊர் மழலையர் பள்ளியிலும் காணப்படும் சிறு நாற்காலிகளும் தாழ்ந்த அலமாரிகளும் அவ்வில்லத்தின் வழிவந்தவை.

எழுதக் கற்பித்த கதை இன்னும் சுவையானது. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் பழகினர். ஒவ்வோர் எழுத்தையும் தடவும்போது அதன் ஒலியைச் சொல்லினர். எழுதுமாறு யாரும் கேட்கவில்லை. குளிர்கால நாள் ஒன்றில், இல்லத்தின் மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார் மரியா. அவன் தரையில் வரைந்தான். வரைந்த பின் அதன் பெயரையும் எழுதினான். தான் எழுதியதைக் கண்டு தானே திகைத்துக் கூவினான். மற்றக் குழந்தைகளும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டனர். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் தரையிலும் கதவிலும் சுவரிலும் எழுதத் தொடங்கினர். சுவர்களைக் காக்க எண்ணிய நிறுவனத்தாரின் கவலையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

செய்தி விரைவில் பரவியது. 1909ஆம் ஆண்டு வெளிவந்த அவர் நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. இந்தியாவில் குசராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா, வழக்கறிஞர் தொழிலை விட்டு, மரியாவின் முறையைத் தம் மண்ணுக்கேற்ப அமைத்து 1920ஆம் ஆண்டு பாவ்நகரில் குழந்தைகள் பள்ளி தொடங்கினார். 1912ஆம் ஆண்டின் இறுதியில் மரியாவின் தாய் மறைந்தார். அடுத்த ஆண்டு, பதினைந்து வயதான மாரியோ தாயுடன் வந்து சேர்ந்தார். அன்று முதல் தாயின் எல்லாப் பணியிலும் துணை நின்றார். ஆனால் பொதுவில் அவர் மரியாவின் உறவினராகவோ வளர்ப்பு மகனாகவோதான் அறிமுகம் செய்யப்பட்டார்.

குழந்தை என்பது உருவில் சிறிய பெரியவர் அன்று என்பதே மரியா கண்ட உண்மை. வளர்ச்சி ஒரே சீராக மேலேறும் கோடும் அன்று. அதனை ஆறாறு ஆண்டுகளாக நான்கு பருவங்களாக அவர் பகுத்தார்.

முதல் பருவம் பிறப்பு முதல் ஆறு வயது வரை. இப்போது குழந்தையின் மனம் சுற்றிலும் உள்ளவற்றை முயற்சியின்றித் தன்னுள் ஈர்த்துக்கொள்கிறது. இலக்கணம் சொல்லித் தராமலே தாய்மொழி வருவது இதனால்தான். வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் கேட்டு வளரும் குழந்தை இரண்டையும் குழப்பமின்றிப் பேசும். அதே ஊருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆன பின்னும் தந்தையின் இந்தியில் தமிழின் ஓசை போவதில்லை. ஆறு வயதுக்குப் பின் மொழியைக் கற்கலாம். ஆனால் அதற்கு உழைக்க வேண்டும்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை இரண்டாம் பருவம். பால் பற்கள் விழும். உடல் உறுதி பெறும். பெயர்களை மட்டும் அறிந்து நிறைவடையாத மனம், ஏன், எப்படி என்று கேட்கும். நண்பர் கூட்டம் வேண்டும். எது நியாயம், எது அநியாயம் என்ற வழக்கு ஓயாது நடக்கும். கண்ணால் காணாத விண்மீன்களையும் பழங்காலத்தையும் கற்பனையால் எட்டிப் பிடிக்கும் வயது இது.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையுள்ள வளரிளம் பருவத்தைப் பற்றி மரியா கூறியது பலருக்கு வியப்பளித்தது. பிறந்த குழந்தையைப் போலவே இவ்வயதினரும் மென்மையானவர் என்றார் அவர். உடல் வேகமாக மாறுகிறது. மனம் எளிதில் புண்படுகிறது. தன்னைப் பற்றிய ஐயம் மிகுகிறது. முன்பு எளிதாகப் படித்த பிள்ளை இப்போது தடுமாறினால் அது சோம்பல் என்று முடிவு செய்யக் கூடாது. இந்த ஆண்டுகளில் பெரியவர்கள் பாடச்சுமையைக் கூட்டுவது தவறு எனக் கருதினார். பிள்ளைகள் இயற்கையோடு ஒட்டிய இடத்தில் சேர்ந்து வாழ்ந்து, நிலத்தில் பயிரிட்டு, விளைந்ததைத் தாங்களே கடை வைத்து விற்று, தம் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று அறிய வேண்டும் என்பது அவர் திட்டம். தேர்வுகளை அஞ்சும் பெற்றோர் இன்றும் இதனை ஏற்கத் தயங்குவர். பதினெட்டு முதல் இருபத்து நான்கு வரையுள்ள நான்காம் பருவத்தில் மனிதர் தம் பணியைத் தேர்ந்து சமுதாயத்தில் தமக்குரிய இடத்தைக் காண்கிறார். முதல் பருவமும் மூன்றாம் பருவமும் கொந்தளிப்பும் மாற்றமும் நிறைந்தவை. இரண்டாவதும் நான்காவதும் ஒப்பளவில் அமைதியானவை.

மரியாவின் நடுவயதுக்குப் பிந்திய ஆண்டுகளில் ஐயத்துக்குரிய பகுதி ஒன்று உண்டு. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி அவர் பள்ளிகளுக்கு ஆதரவளித்தார். மரியா அதனை ஏற்றார். சுதந்திரமாகச் சிந்திக்கும் குழந்தைகளை உருவாக்க முனைந்தவர் அதனைச் செய்திருக்க வேண்டுமா என்று பலர் கேட்டுள்ளனர். அந்த உறவு நீடிக்கவில்லை. குழந்தைகளைப் படைவீரராக்கும் நோக்கத்துக்கு அவர் பணியாததால் 1934ஆம் ஆண்டு இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. அறுபது வயதைக் கடந்தவர் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். பார்சிலோனாவில் இருந்தபோது 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது; அங்கிருந்தும் வெளியேறி, இங்கிலாந்து வழியாக நெதர்லாந்து சென்றார்.

அங்கிருந்துதான் அவர் இந்தியா வந்தார். 1931இல் லண்டனில் காந்தியடிகள் அவரைச் சந்தித்து, அவருடைய பயிற்சி மாணவர்களிடையே உரையாற்றியிருந்தார். பிரம்மஞான சபையின் தலைவர் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைக்க, மரியாவும் மாரியோவும் 1939 நவம்பரில் சென்னையை அடைந்தனர். சில மாதங்கள் தங்கித் திரும்புவதே திட்டம்.

1940 ஜூன் மாதம் இத்தாலி உலகப் போரில் இறங்கியது. இந்தியாவை ஆண்ட ஆங்கிலேய அரசுக்கு இத்தாலியர் அனைவரும் பகைவர் ஆயினர். மாரியோ கைது செய்யப்பட்டு அகமதுநகர் முகாமுக்கு அனுப்பப்பட்டார். மரியா அடையாற்றுத் தோட்டத்தை விட்டு வெளியே செல்லக் கூடாது என ஆணை வந்தது. பேரப்பிள்ளைகளோ கடல் கடந்து நெதர்லாந்தில் இருந்தனர். முதுமையில், மொழி தெரியாத ஊரில், தம் சொற்களைப் பிறருக்கு எடுத்துச் சொன்ன மகனையும் பிரிந்து மரியா தனித்திருந்தார்.

ஆகஸ்டு 31ஆம் நாள் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று அரசப் பிரதிநிதியிடமிருந்து ஒரு தந்தி வந்தது. எழுபதாம் பிறந்தநாளுக்கு ஏற்ற பரிசாக அவருடைய மகனை அவரிடம் திருப்பி அனுப்புவதாக அது தெரிவித்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் உலகம் சொல்லாத அந்த உறவுச் சொல், அரசின் தந்தியில் அச்சாகி வந்தது.

போர் முடியும் வரை இருவரும் இந்தியாவிலேயே இருந்தனர். அடையாற்றின் வெப்பத்திலிருந்து விலகிக் கொடைக்கானல் மலையில் சில ஆண்டுகள் வாழ்ந்தனர். அங்கே பல வயதுக் குழந்தைகள் அவர்களிடம் பயின்றனர். மலைச்சரிவில் இலையும் பூச்சியும் பாறையும் நீரோடையும் பாடங்கள் ஆயின. உலகில் எப்பொருளும் மற்றப் பொருளோடு தொடர்புடையது என்று காட்டும் கல்வியை, ஆறு முதல் பன்னிரண்டு வயதினர்க்காக அவர்கள் இங்கேதான் விரிவாக வளர்த்தனர். இந்தியத் தாய்மார் கைக்குழந்தையை வீட்டில் விட்டுச் செல்லாமல் சந்தைக்கும் கோயிலுக்கும் இடுப்பில் சுமந்து செல்வதை மரியா கவனித்தார். கூட்டத்தின் பேச்சையும் விலை பேசும் குரலையும் வண்ணங்களையும் குழந்தை தாயின் இடுப்பிலிருந்தே ஈர்த்துக்கொள்கிறது. வேறு பள்ளி எதுவும் அவ்வயதில் தேவையில்லை. பிறந்த குழந்தையைப் பற்றிய அவர் சிந்தனை இந்நாட்டில் ஆழம் பெற்றது.

போருக்குப் பின் 1946இல் ஐரோப்பா திரும்பியவர், 1947இல் மீண்டும் இந்தியா வந்து பயிற்சி அளித்தார். குழந்தையின் ஈர்க்கும் மனத்தைப் பற்றி அகமதாபாத்தில் ஆற்றிய உரைகள் 1949ஆம் ஆண்டு அடையாற்றில் நூலாக வெளிவந்தன. எண்பதை நெருங்கும் வயதிலும் பயணம் ஓயவில்லை. அமைதிக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது, பரிசு கிடைக்கவில்லை.

1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், நெதர்லாந்தின் கடற்கரை ஊராகிய நூர்துவைக்கில், ஆப்பிரிக்கா செல்வது பற்றி மகனோடு பேசிக்கொண்டிருந்த நாளில், அவர் உயிர் பிரிந்தது. உடல் அவ்வூரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. தாயின் பணியை மாரியோ தம் இறுதிக் காலம் வரை தொடர்ந்து நடத்தினார். மரியா எழுதி வைத்திருந்த உயிலில் உடைமை அனைத்தும் அவருக்கே உரியதாக இருந்தது. அதில் உறவினர் என்றோ வளர்ப்பு மகன் என்றோ அவர் குறிப்பிடப்படவில்லை. என் மகன் என்றே மரியா எழுதியிருந்தார்.